அரபுக் குதிரையின் ஏழு தலைமுறை

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். புக்கெகோஹி என்ற ஊருக்கு வெளியே, வெங்காய வயல்களைத் தாண்டி, அவருக்கு ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. அரபுக் குதிரைகள் மட்டும். கலப்பில்லாத பழைய வம்சத்தைக் காப்பாற்றவே தான் பிறந்ததாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். தன் சாம்பல் நிறப் பெண்குதிரையின் தாய், பாட்டி, பூட்டி என்று ஏழு தலைமுறைப் பெயர்களை, தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய அரபு ஒலிகளை அங்கிருந்தே வரவழைத்து, மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். அந்தக் குதிரைகளைத் தேய்த்துக் கழுவித் தீனி வைத்த என் மாமாவின் பெயர் மட்டும் அவர் வாயில் நுழையவில்லை. மாமாவை அவர் 'சாம்' என்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை விசாவில் இந்த நாட்டுக்கு வந்து, நகரத்தில் ஒடாஹுஹு என்ற பகுதியில் எங்களோடு இருந்தார். மாமியும் மகளும் யாழ்ப்பாணத்திலேயே. விசாவைப் புதுப்பிக்க முதலாளியம்மா ஒரு கடிதம் தரவேண்டும்; புதுப்பித்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். கடிதம் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று இழுபட்டு, குதிரைக் கண்காட்சி முடியட்டும் என்பதில் வந்து நின்றது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பத்து வயதான எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, எனக்கு என் கவலை.

என் கவலை அந்தச் சாம்பல் குதிரை. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை என்பதால் மாமா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு வருஷத்தில் அந்தக் குதிரை என் பின்னால் கயிறில்லாமலே நடக்கப் பழகிவிட்டது. அதைப் பார்த்த முதலாளியம்மா, கண்காட்சியில் சிறுவர் பிரிவில் அதை நடத்திக்கொண்டு போவது நீதான் என்று தன் வாயாலேயே சொன்னார். வீட்டில் அம்மா எனக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் வாங்கி, முதல் நாளே மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டிவைத்தார்.

அரபுக் குதிரைப் பாரம்பரிய நாள் என்று அதற்குப் பெயர். காலையில் போய் இறங்கினால், குதிரை என் கையில் இல்லை. முதலாளியம்மாவின் பேத்தி நகரத்திலிருந்து வந்திருந்தாள். குதிரை அவளைக் கண்டு காதை மடக்கியது, அவள் குதிரையைக் கண்டு நடுங்கினாள். இருந்தாலும் சிறுவர் பிரிவு அவளுக்குத்தான். எனக்கு ஒரு பை கிடைத்தது. உள்ளே மாமாவுக்கும் எனக்கும் வெல்வெட் அங்கி, குஞ்சங்கள், தலைத்துணி, கிலுகிலுக்கும் தகரக் காசுகள். உடை அணிவகுப்பில் மாமா அதே குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும், நான் மேலே உட்காரவேண்டும். எங்கள் நிறத்துக்கு அந்த உடை அப்படியே பொருந்தும், தங்கள் பிள்ளைகள் போட்டால் வேஷம் போலிருக்கும் என்று முதலாளியம்மா விளக்கினார். பாராட்டுவதாகவே அவர் நினைத்திருக்கவேண்டும்.

மாமா அங்கியைப் போட்டுக்கொண்டார். அது அவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. கீழே அவருடைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது.

"அஞ்சு நிமிசம்தானே பிள்ளை. போட்டிட்டு வா" என்றார்.

போட்டேன். மைதானத்துக்குள் போனதும் ஒலிபெருக்கிக்காரர் எங்களை அறிமுகப்படுத்தினார். பாலைவனக் கூடாரங்களில் இந்தக் குதிரைகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களாம் நாங்கள். சனம் கைதட்டியது. மாமா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அவர் குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலைத்துணியைப் பிடுங்கித் தரையில் எறிந்து, நான் ஒடாஹுஹுக்காரி என்று ஆங்கிலத்தில் கத்தினேன். காலடியில் வந்து விழுந்த துணியைக் கண்டு குதிரை மிரண்டு முன்காலைத் தூக்கியது. நான் பிடரியைக் கட்டிக்கொண்டேன். மாமா கயிற்றை விடவில்லை. கயிறு அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது.

முதலாளியம்மா ஓடிவந்தார். குதிரையின் நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மாமாவின் கையிலிருந்து இரத்தம் முதலாளியம்மாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில்தான் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் குதிரையிலிருந்து இறங்கி, பார்த்துக்கொண்டே நின்றேன்.

எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் விசாக் கடிதம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாமா கைக்கட்டோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து, என் முன்னால் ஒரு தாளை வைத்தார்.

"உன்ர இங்கிலீஷ் நல்லம். பிழை என்ர எண்டு எழுது. பிள்ளை சின்னன், தெரியாமச் செய்து போட்டுது, மன்னிக்கச் சொல்லி எழுது."

ஓம் என்று தலையாட்டினேன். மாமா பேசுவதுபோல் நான் எழுதியது வேறு. நான் 4 வருஷம் உங்கள் குதிரைகளைப் பார்த்தேன். 2 குட்டிகள் என் கையில் பிறந்தன. என் பெயர் சாம் இல்லை. என் மருமகள் செய்தது பிழை இல்லை. உங்கள் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைக்குத்தான் ஆனது, நீங்கள் பார்க்கவில்லை. இவ்வளவையும் எழுதி நீட்டினேன்.

மாமா தாளை வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு பேனையை வாங்கி, 2 என்பதை வெட்டி 3 என்று போட்டார். கட்டுப்போட்ட கையால் கோணல்மாணலாகத் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார்.

விசாக் கடிதம் வரவேயில்லை. குளிர்காலம் தொடங்கமுன் மாமா யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மாமாவுக்கு எண் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாத மனிதரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று வருஷக்கணக்காக எனக்குள்ளேயே புழுங்கினேன்.

4 என்பதை அப்படியே விட்டு 2 என்பதை மட்டும் திருத்துகிறவர், அந்த எண்களுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கவேண்டும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.