மைக் திறந்திருந்தது

அப்பாவுக்கு மறதி நோய் முற்றியதும் தொழிற்சாலை வேலையை விட்டேன். நாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் அபார்ட்மெண்டில் அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாது. அதனால் மருத்துவ கிளினிக்கில் வரவேற்பாளராக வேலை செய்வதற்கான படிப்பை ஒன்லைனில் படித்தேன். வீட்டில் இருந்தபடியே ஒரு தொழிலைப் படிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கடைசிப் பரீட்சையும் ஒன்லைனில்தான். கணினியில் ஆசிரியை நோயாளிபோல் பேசுவார், நான் பதில் சொல்ல வேண்டும். பாதியில் அறைக்கதவு திறந்தது. அப்பா அழுதுகொண்டு நின்றார்.

"பிள்ளை, அம்மாவைக் காணேல்லை."

அம்மா இறந்து பல வருடங்கள். நான் எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அம்மா கோயிலுக்குப் போட்டா, வந்திடுவா. நான் நிக்கிறன்தானே அப்பா, பயப்படாதேங்கோ."

"நீ போகமாட்டாய்தானே?"

"இல்லை, போகமாட்டன்."

அவரைப் படுக்கவைத்துவிட்டு வந்தபோதுதான் மைக் திறந்திருந்ததைக் கண்டேன். பரீட்சை போய்விட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். தமிழ் தெரியாத அந்த ஆசிரியை கண்களைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருடைய அழுகை நின்றது கேட்டது. மீதியை நாளைக்குச் செய்வோம்."

அப்பா காலமான பிறகு நான் வேலை தேடியபோது, எனக்காக ஒரு கிளினிக்கில் பேசியவரும் அவர்தான்.

இப்போது அஜின்கோர்ட்டில் உள்ள அந்தக் கிளினிக்கில் வேலை செய்கிறேன். கணினியில் செய்யும் வேலையெல்லாம் அந்தப் படிப்பு தந்தது. போனில் பதறுகிறவர்களோடு பொறுமையாகப் பேசுவது அப்பாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் வந்தது. படிக்க விடுகிறாரில்லையே என்று அவர்மேல் சலித்துக்கொண்ட நாட்கள் அவை.