ஒருவராலும் வாசிக்க முடியாத கிட்டார்

போன ஞாயிறு மட்டக்களப்பு டச்பாரில் ஒரு கலியாண வீடு. என் கூட்டாளி ரோலன்டின் தங்கைக்குக் கலியாணம். பகல் சாப்பாடு முடிந்து, பந்தலுக்குள் கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளி, ஆடுவதற்கு இடமும் எடுத்தாயிற்று. பறங்கியர் வீட்டுக் கலியாணம் என்றால் சும்மாவா? மணப்பெண்ணே முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள்.

பாட்டுத்தான் தொடங்கவில்லை. செல்வம் வரவேண்டும் என்று காத்திருக்கிறோம்.

வந்தான். வெள்ளைச் சேட்டு, வழித்துச் சீவிய தலை, கையில் வர்ணக் கடுதாசி சுற்றிய பரிசுப் பெட்டி... கிட்டாரைக் காணோம்!

ரோலன்டின் முகம் கறுத்துவிட்டது.

"எங்க மேன் கிட்டார்?"

"கொண்டு வரல்ல."

"கொண்டு வரல்லயா? என்ட தங்கச்சிட கலியாணத்துக்கு, நான் என்ட கையால செஞ்சு தந்த கிட்டாரைக் கொண்டு வர உனக்கு ஏலாமப் போச்சா?"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்பட. செல்வம் பரிசுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தவேண்டியிருக்கிறது. ரோலன்டின் கோபம் நியாயமா, அநியாயமா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லுமுன் எங்கள் கிட்டாரின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் நாலு பேர். ரோலன்டுக்குத் தச்சு வேலை. ஜவுபர் காத்தான்குடியில் கைத்தறி வைத்திருக்கிறான். செல்வம் தன்னாமுனைக்காரன், பஸ் கொண்டக்டர். நான் கந்தோரில் பேனா உருட்டுகிறவன் — கிழமைக்கு ஒருக்கா இந்தப் பத்திரிகைப் பக்கத்திலும் அதே வேலை. நாலு பேருக்கும் சேர்த்துக் கிட்டார் ஒன்று. ரோலன்டின் மாமா குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, "சண்டை பிடிக்காம எல்லாரும் வச்சு வாசியுங்க" என்று விட்டுப்போனது.

சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் முறை வைத்தோம். இன்றைக்கு இவன் வீடு, நாளைக்கு அவன் வீடு. ஜவுபரின் வாப்பாவுக்கு இந்தச் சாமான் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. ஆகவே அவன் முறை வந்தால் கிட்டார் தறிக் கொட்டிலுக்குப் போகும். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடுகிற நேரம் பார்த்து உள்ளே இருந்து வாசிப்பான். என் வீட்டுக்கு முறை வந்தால் என் மனைவிக்குத் தாய்வீட்டு ஞாபகம் வந்துவிடும். சனிக்கிழமை பின்னேரம் நாலு பேரும் ரோலன்டின் பட்டறையில் கூடுவோம். ஆளுக்கொரு பாட்டு, பிறகு பக்கத்து ஆளின் கைக்கு.

இதில் செல்வம் இடக்கைக்காரன்.

கிட்டார் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டாரைப் பிடித்தால் தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. வலக்கையால் அடிப்பது, இடக்கையால் அழுத்துவது. இடக்கைக்காரன் அதையே திருப்பிப் பிடித்தால்? தடித்தது கீழே போய்விடும், மெல்லியது மேலே வந்துவிடும். எல்லாம் தலைகீழ்.

அவன் முறை வரும்போது கம்பியைக் கழற்றி மாற்றிக் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஐயா, கம்பிக்கு எங்கே போவது? இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். கடையில் போய்க் கிட்டார்க் கம்பி கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். மெல்லிய கம்பி அறுந்தால் வாவியில் தூண்டில் போடுகிறவர்களிடம் தங்கூசி வாங்கிக் கட்டுவோம். தடித்தது அறுந்தால் சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து எடுத்த இழை. கட்டியதைக் கழற்றினால் அறுந்தே தீரும். ஆகவே கிட்டார் எங்களுக்கு ஏற்றபடியே கிடந்தது. செல்வம்தான் அதைத் திருப்பிப் பிடித்து, விரல் வைக்கிற கோர்ட்டுகள் எல்லாவற்றையும் தானாகவே தலைகீழாகக் கண்டுபிடித்தான்.

கண்டுபிடித்தான் என்றால்... எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்! நாங்கள் மேலிருந்து கீழே அடிக்கிற இடத்தில் அவன் கீழிருந்து மேலே இழுப்பான். பைலாப் பாட்டுக்கு அந்த இழுப்பு விழுந்தால் நடக்கமுடியாத ஆளும் எழும்பிவிடும். கலியாண வீடுகளில், "அந்தப் பஸ்காரத் தம்பி வருமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் கைக்குப் பஸ்ஸில் என்ன மரியாதை தெரியுமா? இடக்கையால் டிக்கெட்டை நீட்டினால் போதும். "இடக்கையால தாறியே, உன்னை ஆரும் வளக்கல்லயா?" என்று பாய்வார்கள். பேசாமல் டிக்கெட்டை வலக்கைக்கு மாற்றிக் கொடுப்பான். நாள் முழுக்க இதுதான். ஒருநாள் அவனே என்னிடம் சொன்னான்: "மச்சான், சனிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் இந்தக் கையை ஆரும் ஒண்டும் சொல்றதில்ல. அதுக்காகத்தான் நான் கிழமை முழுக்க டிக்கெட் கிழிக்கிறன்."

எங்களுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிழையாகப் பிடித்தே இவ்வளவு நல்லா வாசிக்கிறானே, சரியான கிட்டார் கிடைத்தால் இன்னும் எவ்வளவு நல்லா வாசிப்பான்! தர்க்கம் எப்படி?

ஏதோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த கிட்டாரின் படத்தை ரோலன்ட் பார்த்துவிட்டான். அன்றைக்குத் தொடங்கினான் வேலையை. கழுத்துக்கு முதிரை, உடம்புக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை, கம்பி முறுக்கும் ஆணிகள் யாரோ ஒருவரின் உடைந்த மண்டலினில் இருந்து. மாதக்கணக்கில் பாடுபட்டான். ஜவுபர் தோளில் போடும் பட்டியைத் தன் தறியிலேயே நெய்தான். கப்பலில் வேலை செய்யும் என் மைத்துனர் மூலம் அசல் கம்பி ஒரு முழு செட் எடுப்பித்தது நான். எல்லாம் செல்வத்துக்குத் தெரியாமல்.

ஒரு சனிக்கிழமை அதை அவன் மடியில் வைத்தோம். தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"இது எனக்கா?"

"உனக்கு மட்டும்தான் மேன்! இடக்கையால பிடி, தடிச்ச கம்பி மேல வருதா எண்டு பார். வருதா? வாசி!"

வாசித்தான். கேட்கச் சகிக்கவில்லை. விரல்கள் பழகிய இடத்துக்குப் போகின்றன, அங்கே வேறு கம்பி இருக்கிறது. நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கினான்... அதே கதைதான். "புதுசுதானே மச்சான், பழகப் பழகச் சரிவரும்" என்று நாங்கள் தட்டிக்கொடுத்தோம். அவனும் சிரித்துக்கொண்டு தலையாட்டினான்.

அத்தோடு விட்டோமா? ரோலன்ட் தாராள மனசோடு இன்னொன்றும் சொன்னான்: "இனி உனக்கு முறை எதுக்கு மேன்? சொந்தமாவே இரிக்கே! பழசை நாங்க மூணு பேரும் பாத்துக்கொள்றம்."

அந்தப் புதுக் கிட்டாரை நாங்களும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தோம். வலக்கைக்காரன் பிடித்தால் எங்களுக்கும் கம்பி மாறி வருகிறது, ஏலாது. ஆக மூன்று பேர் உயிரைக் கொடுத்து, மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் வாசிக்க ஆளில்லாத கிட்டார் ஒன்றைச் செய்து முடித்திருந்தோம். அப்போதாவது எங்களுக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டாமா?

செல்வம் சில சனிக்கிழமைகள் வந்தான். தட்டுத்தடுமாறி எதையோ அடித்துவிட்டு மூலையில் இருந்து நாங்கள் வாசிப்பதைப் பார்த்தான். பிறகு டியூட்டி என்றான். பிறகு காய்ச்சல் என்றான். பிறகு காரணமும் இல்லை, ஆளும் இல்லை. "சொந்தக் கிட்டார் வந்ததும் பெரிய ஆளாகிட்டான் மேன்" என்றான் ரோலன்ட். நானும் ஜவுபரும் "ஓம், ஓம்" என்று ஒத்து ஊதினோம்.

இனிக் கலியாணப் பந்தலுக்கு வருவோம்.

"விடு மச்சான், மாப்பிள்ளை வீட்டாக்கள் பாக்கிறாங்க" என்று ஜவுபர் ரோலன்டின் கையைப் பிடித்தான். ரோலன்ட் விடுவதாக இல்லை. அப்போதுதான் மணப்பெண், தலையில் போட்ட நெட் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். கையில், வீட்டுக்குள் கிடந்த எங்கள் பழைய கிட்டார்.

"சண்டையை மறுகா பிடியுங்க ரெண்டு பேரும்! செல்வண்ணன், இந்தாங்க. எனக்கு இப்ப ஆடணும்."

மணப்பெண் நீட்டினால் மறுக்கமுடியுமா? செல்வம் வாங்கினான். சட்டென்று திருப்பிப் பிடித்தான். கீழிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்கள்... பந்தல் எழும்பிவிட்டது! மாப்பிள்ளையின் தகப்பனார் மேசைக்கரண்டியோடு ஆடுகிறார். ஜவுபர் தொண்டை கிழியப் பாடுகிறான். எத்தனை மாதம் பூட்டிக் கிடந்த கை அது!

ஆடாமல் நின்றது ரோலன்ட் ஒருவன்தான். செல்வத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்ததும் கிட்ட வந்தான். குரல் இறங்கியிருந்தது. "அப்ப... என்ட கிட்டார்ல என்ன பிழை மேன்?"

"அதுல ஒரு பிழையும் இல்ல. எனக்குத்தான் அதுல வாசிக்கத் தெரியா."

"பழகினா வராதா?"

"ஒவ்வொரு நாளும் டியூட்டி முடிஞ்சு வந்து பழகினன் மச்சான். விரல் கேக்குதில்ல. சின்ன வயசில பள்ளிக்கூடத்தில பிரம்பால அடிச்சு இந்தக் கையை மாத்தப் பாத்தாங்க. இப்ப நீங்க அன்பால மாத்தப் பாத்தீங்க. பிரம்பெண்டா அழலாம். அன்புக்கு நான் என்ன செய்யிற?"

"வாயிருக்குத்தானே? சொல்லியிருக்கலாமே!"

"நீ பட்ட பாட்டுக்கு எப்பிடிடா சொல்ற? எனக்கு முறையும் இல்லாமப் போச்சு. நீங்க மூணு பேரும் மாறி மாறி வாசிக்க, நான் சும்மா இருந்து பாக்க ஏலாமக் கிடந்திச்சு."

  ரோலன்ட் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மணப்பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தும் ஆட வரவில்லை. முடிந்தது, இனி இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் என் படலையில் சைக்கிள் மணி. ரோலன்ட்! ஹாண்டிலில் தச்சு ஆயுதப் பை தொங்குகிறது.

"தன்னாமுனைக்குப் போவம், வா மேன்."

 எனக்கோ பயம். பையில் இருப்பது உளியும் வாளும். அவன் போகிற வேகத்தைப் பார்த்தால் தான் செய்த கிட்டாரைத் தானே பிளந்துவிடுவான் போல இருந்தது.

செல்வத்தின் வீட்டில் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தான். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "வேணாம் மச்சான், உன்ட வேலை பழுதாப் போகும்" என்று செல்வம் தடுக்க, "சும்மா இரி" என்று ஒரே அதட்டல். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் பதிந்து கிடக்கிற எலும்புத் துண்டைப் பெயர்த்தான். புதுசாக ஒன்றை அராவி, பழைய கிட்டாரில் இருக்கிற ஒழுங்கிலேயே வெட்டுப் போட்டான். அதே ஒழுங்கில் கம்பிகளை மாற்றிக் கட்டினான். ஒரு கம்பி அறுந்தது. அந்த இடத்துக்குத் தங்கூசி.

"இந்தா. இப்ப வாசி."

செல்வம் திருப்பிப் பிடித்தான். தடித்த கம்பி கீழே, மெல்லியது மேலே — அவனுக்குப் பழகிய தலைகீழ். வாசித்தான். பழைய கிட்டாரில் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. தேயிலைப் பெட்டிப் பலகைக்குள் இவ்வளவு சத்தம் இருக்கிறதா? ரோலன்ட் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மரத்தூள் விழுந்துவிட்டதாம்.

கொஞ்ச நேரம் பொறுத்து நானும் ஆசைக்கு அதை வாங்கி, நான் பிடிக்கிற மாதிரிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினேன். அட... எனக்கும் வருகிறதே!

"ரோலன்ட், உன்ட இடக்கைக் கிட்டார் இப்ப எல்லாருக்கும் வாசிக்கிற கிட்டாராப் போச்சுடா!"

ரோலன்ட் கிட்டாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், செல்வத்தைப் பார்த்தான். மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த விசேஷமான கிட்டாரை, அரைமணி நேரம் பாடுபட்டுச் சாதாரணக் கிட்டாராக மாற்றியிருக்கிறான்! செல்வம்தான் முதலில் சிரித்தான். பிறகு மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடிந்ததும் செல்வம் சொன்னான்: "அப்ப இதையும் முறைக்குப் போடுவம்."

"இது உனக்கெண்டு செஞ்சது மேன். உன்ட சொந்தம்."

"எனக்குச் சொந்தம் வேணா மச்சான். என்ட முறையைத் தாங்க."

 இப்போது எங்களிடம் நாலு பேருக்கு இரண்டு கிட்டார். புதியது இதை எழுதும்போது ஜவுபரின் தறிக் கொட்டிலில் இருக்கிறது. அங்கிருந்து என் வீட்டுக்கு வரும். என் மனைவி இப்போதே பெட்டியைத் தூசு தட்டுகிறாள்.

ஒருவன் விழுந்தெழும்பித் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான். நமக்கு அது கோணலாகத் தெரிகிறது. உடனே நிமிர்த்தக் கிளம்பிவிடுகிறோம் — அதுவும் கூட்டம் சேர்த்துக்கொண்டு, பாசத்தோடு. நிமிர்த்துவதற்கு முன் அவனை ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

திரும்பி வரும் வழியில் இதைத்தான் ரோலன்டிடம் சொன்னேன். "இனி ஆருக்கும் உதவி செய்யிறதெண்டா முதல்ல அவரிட்டக் கேட்டுப்போட்டுச் செய்வம்."

சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான் பாருங்கள் ஒரு பார்வை.

"கேட்டா வேணாமெண்டு சொல்லிப்போடுவாங்களே மேன்!"