உப்பு லாரியில் போன லேத்

இறந்துபோன தம்பிக்காக வைத்த முதல் மாதப் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், அவன் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அத்தான், பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன். லேத்தையும் கொண்டு போகணும். நீங்கதான் ஒரு வழி பண்ணணும்.”

ஊருக்குப் போவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். லேத்தையும் கேட்பாள் என்று நினைக்கவில்லை. இரும்பைக் கடைகிற, மூன்று டன் எடையுள்ள பழைய மெஷின் அது. அவளுடைய ஊரோ தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிற மீனவர் ஊர்.

நானும் தம்பியும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா அம்மா போன பிறகு ஊரில் எங்களுக்கென்று யாரும் இல்லை. நான் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நின்று, மெல்ல மெல்ல சூப்பர்வைசர் ஆனேன். அவன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். காண்ட்ராக்டில் கம்பெனி கம்பெனியாக மாறிச் சலித்துப்போய், மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து அந்த லேத்தை வாங்கி, வடக்குப்பட்டில் ஒரு திறந்த தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் போட்டு, பிறகு சுற்றிலும் சுவர் எழுப்பினான். சுற்றுவட்டாரத்தில் எங்காவது அவசரத்துக்கு ஒரு ஷாஃப்ட் உடைந்தாலும், ஒரு ரோலர் தேய்ந்தாலும் அவனிடம்தான் வருவார்கள்.

அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டுகிற வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு பெண் பிறந்தாள். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லாததால் அந்தக் குழந்தை பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள்.

குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது தெரிந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்தது. அது முடிந்து வருகிற நாட்களில் அவனால் நிற்க முடியாது. லேத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். அவள் மெஷினில் நிற்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே, “அவசரப்படாத, டூல் கத்துது பாரு,” என்பான். அவளும் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பாள். ஷிஃப்ட் முடிந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நோய் வந்த வீடு என்றே தோன்றாது. அப்படி இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அவன் எழவில்லை.

ஷெட் இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் குடோன் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மழைக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும். நான் அவளிடம் சொன்னேன்: “ஏம்மா, இதை இங்கேயே வித்துருவோம். அங்க தூத்துக்குடியில பழசு ஒண்ணு பாத்து வாங்கித் தாரேன். இவ்வளவு தூரம் இதைச் சுமக்கணுமா?”

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டி முடித்த பிறகு சொன்னாள்: “அத்தான், நான் லேத் படிச்சவ இல்ல. இந்த ஒரு லேத்தை மட்டுந்தான் எனக்குத் தெரியும். எந்த இடத்துல ஆடும், எந்த கியர் சண்டித்தனம் பண்ணும், எல்லாம் அவுக சொல்லித் தந்தது. வேற மெஷின் முன்னாடி போயி நின்னா நான் ஒண்ணுந்தெரியாதவதான். எங்க ஊர்ல வள்ளத்து ஷாஃப்ட் கடையிறதுக்கு டவுனுக்குத்தான் ஓடுறாக. இது இருந்தா எம் பிள்ளைய நான் வளத்துருவேன்.”

நான் வண்டி தேட ஆரம்பித்தேன்.

முதலில் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கனரக டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனேன். டிரெய்லர், இரண்டு பக்கமும் கிரேன், இன்சூரன்ஸ் என்று அங்கே இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே போனார். கடைசியில் அவருக்கே பரிதாபமாகிவிட்டது. “சார், மெஷின் விலைய விட வாடகை ஜாஸ்தி ஆவுது. பேசாம ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க,” என்றார். பார்சல் ஆபீஸ்காரர்கள் ஒரே உருப்படியாக இவ்வளவு எடையை ஏற்ற முடியாது என்றார்கள். ‘சின்ன யானை’ மினி வேன் ஓட்டுகிறவர்கள் லேத் என்றதும் சிரித்தார்கள். தம்பியின் வைத்தியத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் இருந்ததெல்லாம் கரைந்திருந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பல நாள் வீடு திரும்பினேன்.

ஒருநாள் வாலாஜாபாத் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்தவர் போனில் பேசிய தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழாக இருந்தது. விளாத்திகுளத்துக்காரர். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்து இங்கே ஒரு குடோனில் இறக்குகிறவர். திரும்பும்போது லோடு கிடைக்காமல் நாள் கணக்கில் காத்துக் கிடப்பாராம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“வெயிட்டுப் பிரச்சினை இல்ல அண்ணாச்சி. காலி வண்டிதான போகுது. ஆனா இது உப்பு லாரி. இரும்புக்கும் உப்புக்கும் ஆகாதுல்லா. யாரு மெஷினு அது?”

“எந்தம்பியுது. இறந்துட்டான். அவன் வீட்டுக்காரி கொண்டு போறா.”

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். “டீசலும் டோலும் பாத்துக்கிடுங்க. அடுத்த நடை வரும்போது ஏத்திருவோம்,” என்றார்.

அடுத்த நடையில் உப்பை இறக்கியதும் லாரியை நேராக வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோனோம். அவளும் வந்தாள். தண்ணீர் அடித்த பிறகும் பலகை இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு நின்றது. ஒரு ஆணியை வைத்து இடுக்கு இடுக்காகக் கீறி எடுத்தாள். டிரைவர், “விடு தாயி, நான் பாத்துக்கிடுதேன்,” என்று சொல்லியும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் லேத் முழுக்க கிரீஸ் தடவினாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு மடிப்பிலும் நிதானமாகத் தடவினாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுக்கு உடம்பு துடைத்துவிட்டபோதும் இதே போலத்தான் துடைத்தாள்.

ஏற்றுகிற நாளில், பக்கத்தில் கட்டிடம் கட்டும் இடத்தில் நின்ற ஒரு கிரேனைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் பேசி வைத்திருந்தேன். ஆபரேட்டர் உள்ளூர்க்காரர். வந்து வாசலையும் லேத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், இந்தக் கதவுல எப்டி வரும்? மெஷின வச்சிட்டுதான் செவுரு எழுப்பிகீறாங்கோ. இடிச்சாத்தான் ஆவும்.”

எப்படியும் இடிக்கப்போகிற ஷெட்தான். ஆனாலும் முதல் அடி விழுந்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சுவரைத் திறந்து, அடியில் சிமெண்டில் புதைந்திருந்த போல்ட்டுகளைக் கொத்தி எடுத்து, பெல்ட் கட்டித் தூக்கினோம். மோட்டார் பக்கம் கனம் அதிகம். லேத் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “எறக்கு! எறக்கு!” என்று நான் கத்தினேன். ஆபரேட்டர் பதறாமல் இறக்கினார். பெல்ட்டை மாற்றிக் கட்டி மறுபடி தூக்கியபோது நேராக எழுந்தது. அது அந்தரத்தில் மெல்ல நகர்ந்து வெயிலுக்கு வந்ததும், உள்ளே தரையில் ஒரு கறுப்புச் செவ்வகம் மட்டும் மிஞ்சியது. இரும்புச் சீவல், எண்ணெய்ப் பிசுக்கு, குழந்தையின் உடைந்த வளையல்.

அவற்றோடு மாத்திரைகளும் கிடந்தன.

முதலில் என்னவென்று புரியவில்லை. எண்ணெயில் ஊறி மஞ்சளாகி, சில கரைந்து, சில முழுசாக, சுவரோரம் வரை சிதறிக் கிடந்தன. உள்ளே திரும்பி வந்த அவள் குனிந்து ஒன்றை எடுத்து விரலால் துடைத்துப் பார்த்தாள். சாப்பாட்டோடு தவறாமல் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மாத்திரை. அதைப் போட்டால் வாந்தி வருகிறது என்று அவன் முனகுவான். அவள் சண்டை போட்டுக் கையில் கொடுப்பாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான். எத்தனை நாள் நாற்காலியில் இருந்தபடியே லேத்துக்கு அடியில் உருட்டிவிட்டானோ தெரியவில்லை.

அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். வெளியே ஆபரேட்டர், “சார், வண்டில எறக்கிட்டேன், வந்து பாரு சார்,” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கட்டி முடித்துத் தார்ப்பாய் போட்ட பிறகு அவள் டிரைவரிடம், “அண்ணே, போற வழியில கல்லறைத் தோட்டத்துல ஒரு நிமிசம் நிறுத்துங்க,” என்றாள். அவள், குழந்தை, நான் எல்லோரும் கேபினில்தான் ஏறியிருந்தோம். இறக்கும்போது ஆள் வேண்டும் என்று நான் லீவு போட்டிருந்தேன். பெரிய லாரி தெருவுக்குள் போகாது. ரோட்டோரம் நிறுத்திவிட்டு டிரைவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

தம்பியின் குழியில் இன்னும் கல் கட்டவில்லை. மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான். அவள் முட்டி போட்டு ஜெபம் செய்வாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தாள்.

“ஏன் இப்படிச் செஞ்சீக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? போடவே முடியலன்னு சொல்லியிருந்தா வேற மாத்திரை கேட்டிருக்க மாட்டனா? நான் வேலைய விட்டுட்டு உங்க முன்னால உக்காந்திருக்க மாட்டனா? அந்தப் பக்கம் திரும்பி மெஷினப் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க இந்தப் பக்கம் உருட்டிவிட்டுட்டுச் சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கீக.”

கணவன் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டால் மனைவி எப்படித் திட்டுவாளோ அப்படித் திட்டினாள். குரல் ஏறிக்கொண்டே போனது. ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் தலைப்பை அவிழ்த்து மாத்திரைகளை அந்த மண்ணிலேயே கொட்டினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கத்தன்று கூட அவள் அப்படி அழவில்லை. நான் என் தம்பிக்காக அழுதேனா அவளுக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திண்டிவனம் தாண்டி, குழந்தை மடியில் தூங்கிய பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: “அதை ஒழுங்காப் போட்டிருந்தா இருந்திருப்பாகளா அத்தான்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. காய்ச்சல்லதான போனான்,” என்றேன். எனக்குத் தெரிந்து சொன்ன பதில் இல்லை அது. அவளும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

காலையில் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். இறக்குவதற்குக் கிரேன் பேச எங்களிடம் வசதி இல்லை. அவளுடைய அப்பா ஏற்பாடு செய்திருந்தார். வள்ளத்தைக் கரையேற்றுகிற ஆட்கள் வடக்கயிறும் தடிகளுமாக வந்து காத்திருந்தார்கள். லாரியின் பின்பக்கம் கனமான பலகைகளைச் சரித்து, உருளைகளைக் கொடுத்து, முன்னால் சிலர் தாங்க, பின்னால் பலர் கயிற்றைப் பிடித்து விட்டு விட்டு இறக்கினார்கள். ஒருவர் குரல் கொடுத்தார், மற்றவர்கள் சேர்ந்து மூச்சுப் பிடித்தார்கள். கடலிலிருந்து வரும் எதையும் இழுத்துப் பழகிய கைகள். லேத் மணலைத் தொடாமலே ஓலைக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தது. டிரைவர் மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, என்னிடம் பேசியதற்கு மேல் ஒரு பைசாவும் வாங்காமல் புறப்பட்டார்.

மெஷினுக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் கிடைப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. அதுவரை தினமும் தார்ப்பாயை விலக்கி எண்ணெய் போட்டிருக்கிறாள். உப்புக்காற்று அதையும் மீறி இரும்பைத் தின்றது. இப்போது ஓடுகிறது. வள்ளத்து ஷாஃப்ட், புஷ், நங்கூரத்துக்கு வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் வருகின்றன. சில வாரம் கூட்டம், சில வாரம் ஒன்றும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் அம்மா வீட்டுக் கஞ்சிதான் என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

வடக்குப்பட்டில் அந்த ஷெட் இருந்த இடத்தில் குடோன் எழும்பிவிட்டது. நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன். சுற்றுவழியில் போனால் வீடு சேரக் கூடுதல் நேரம் ஆகிறது. பரவாயில்லை.

ஆரம்பத்தில் தினமும் பேசினோம். பிறகு ஞாயிறு தோறும். இப்போது மாதத்தில் ஒருநாள். போன தடவை குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நேரம். அவள் போனைக் குழந்தையிடம் கொடுத்து, “பெரியப்பா பேசுறாக, பேசு,” என்றாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. என் மனைவியும் பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கீங்களா?” என்று குழந்தை கேட்டாள். வெளியாட்களிடம் பேசச் சொல்லிக் கொடுத்த மாதிரி, மரியாதையாக.

நல்லா இருக்கேன்டா செல்லம் என்றேன். அதற்குள் போன் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.