வாடை இல்லாத எண்ணெய்

வண்ணார்பேட்டையில் இருக்கும் எங்கள் வங்கிக் கிளையின் காவலாளி எலியேசர் அண்ணாச்சி. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். வாசலில் அவர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதன் உரிமமும் அவர் பெயரில்தான். மாலையில் அதை உறையில் போட்டுப் பாளையங்கோட்டைக்கு, வீட்டுக்கே எடுத்துப் போவார்.

சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கி துடைப்பார். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்று கதவையும் சன்னல்களையும் அடைத்துவிடுவார். கம்பியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, குழலுக்குள் விட்டு இழுக்க வேண்டும். அந்தத் துணிக்குப் பட்டாளத்தில் 'சிந்தி' என்று பெயராம். வீட்டில் இரண்டே அறை. அவர் மனைவி சாரம்மாளுக்கோ இளைப்பு. இவர் துடைத்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுவார்.

அண்ணாச்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மண்ணெண்ணெயில் பத்துச் சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டார். சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற தைலம்தானே, நெஞ்சுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அன்று சாரம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"'என்னைய அனுப்பி வைக்கணும்னா நேரா சுட்டுர வேண்டியதான? இப்படி மணக்க மணக்க எதுக்குக் கொல்லுதீய'ன்னு கேக்கா மேடம்" என்று திங்கட்கிழமை எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் துப்பாக்கியின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் துப்பாக்கிக் கடையிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்தார். வாடையே வராது என்று கடைக்காரர் தளவாய் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார். முன்பக்கம் வாடை குறைவு என்று பெரிதாக இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில், ஆவியைச் சுவாசிக்க வேண்டாம், காற்றோட்டம் இல்லாத இடத்தில் திறக்க வேண்டாம் என்று இருந்தது.

"வாடையே இல்லேன்னா ஆவி எங்கனயிருந்து வரும் மேடம்?"

"வாடை மூக்குக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆவி தெரியாமலும் வரும்."

புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளும் மூக்கை நம்பியே எல்லாம் செய்திருக்கிறார். நல்ல மணம் என்றால் மருந்து, மணமே இல்லையென்றால் ஒன்றுமில்லை. நானும் அந்தப் புட்டியைப் படிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புட்டியை மாற்றிக்கொள்ளப் போனவரிடம் தளவாய் அலுத்துக்கொண்டாராம்.

"வே, இதெல்லாம் குழலுக்குள்ள பிடிச்ச கரியைக் கரைக்கதுக்கு. கடைசியா எப்பம் சுட்டீரு?"

அண்ணாச்சி யோசித்திருக்கிறார். "ஒம்பது வருசம் இருக்கும்."

"பெறகு எதை வே வாராவாரம் கழுவுதீரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். மறுநாள் வாசலில் உட்கார்ந்து அண்ணாச்சியே இதைச் சொன்னார். சுட வேண்டிய தேவை வராமல் போனது நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான் மேடம். ஆனா பட்டாளத்துல சுட்டாலும் சுடாட்டாலும் துடைக்கணும். மனசுக்குத் தெரியுது, கை கேக்க மாட்டேங்கு."

தளவாய் கடைசியில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: காய்ந்த துணியால் தூசியையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, துரு ஏறாமல் ஒரு சொட்டுத் துப்பாக்கி எண்ணெய் பூசினால் போதும். என்றைக்காவது சுட்டால் மட்டும் புட்டி வாங்க வந்தால் போதும், அதையும் மொட்டை மாடியில் வைத்துத்தான் திறக்க வேண்டும். அண்ணாச்சி இப்போது அப்படித்தான் செய்கிறார். யார் கண்ணிலும் படாத, பின்சுவரைப் பார்த்த சன்னலையும் திறந்து வைக்கிறார்.

சாரம்மாளின் இளைப்பு முழுக்கப் போய்விடவில்லை. பனிக்காலத்தில் வரத்தான் செய்கிறது. சனிக்கிழமைகளில் வருவதில்லை.

"இப்பம் அஞ்சு நிமிசத்துல வேலை முடிஞ்சிருது மேடம்" என்றார் போன வாரம். "சும்மாதான இருக்கீயன்னு உள்ளி உரிக்கச் சொல்லுதா. கண்ணு ரெண்டும் எரியுது. அதை யாரு கேக்கா?"