இணைப்பு என்றால் பஸ்

ஜெனிட்டாவை நம்பி ஒரு பஸ்ஸில் ஏறினால், நாம் போய்ச் சேரும் ஊர் வேறாகத்தான் இருக்கும். முட்டுக்காட்டிலிருந்து வருகிறவள் திருப்போரூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்ப்பாள். தூங்க மாட்டாள், கண் திறந்தேதான் இருக்கும். செங்கல்பட்டில் எல்லோரும் இறங்கி, வண்டி ஷெட்டுக்குத் திரும்பும்போது கண்டக்டர் வந்து உலுக்குவார்.

"இன்னாம்மா, இன்னிக்கும் கனவா?" என்பேன்.

"இல்ல பூபாலண்ணா, ஏரித் தண்ணி ஒரு மாதிரி வெளிச்சமா இருந்துச்சு. அதப் பாத்துகினே வந்துட்டேன்."

இதற்கு என்னத்தைச் சொல்ல? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விடும்.

இந்தப் பெண்தான் எங்கள் பாலாற்றங்கரைக் கல்லூரிகள் சங்கத்தின் தகவல் தொடர்புத் தலைவி. வட்டாரத்துத் தனியார் கல்லூரிகள் கூடி நடத்தும் சங்கம். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். சேர்க்கை அறிவிப்பு, பத்திரிகைச் செய்தி, வாட்ஸ்அப், மாநாட்டு மலர் எல்லாம் அவள் தலையில். தலைவி என்றதும் கீழே ஒரு படை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். படை நான் ஒருத்தன்தான். அவள் எழுதுவாள். நான் படம் எடுப்பேன், வடிவமைப்பேன், முணுமுணுப்பேன்.

அவள் அப்பா சின்னராசு ஊரார் வயலில் சேற்றில் நின்ற குடும்பத்துக்காரர். இப்போது முட்டுக்காட்டுப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறார். மகள் கருங்குழிப் பக்கம் அத்தை வீட்டில் தங்கி, வயலுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் படித்தாள். அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசினால் அவள் குரலே இறங்கிவிடும். அங்கே வகுப்புக்குள் கொக்கு வருமாம். பாடம் நடத்தும் அம்மா கொக்கு போகும்வரை காத்திருப்பாராம். கொக்குக்கு வருகைப் பதிவு உண்டா என்று கேட்டேன். முறைத்தாள்.

ஒரு வரி எழுதுமுன் அதை உதட்டில் ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். சாயங்காலம் முட்டுக்காட்டுத் தண்ணீர் ஓரம் உட்கார்ந்து, தனக்குள் பேசிக்கொண்டே இருப்பாளாம். 'படிக்க ஆசையா? வாசல் திறந்துதான் இருக்கு, வா' என்று போன வருஷம் எழுதினாள் பாருங்கள், வீட்டில் சும்மா இருந்த என் அண்ணன் மகளே கிளம்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் இந்த மே மாதம் செயலாளர் வாசுதேவன் ஒரு வேலையைக் கொடுத்தார். அவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், தமிழ்ப் பேராசிரியர். அவள் படித்த அதே கருங்குழிக் கல்லூரியில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அதை மூடிவிட்டு, படிக்கிற பெண்களைச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து உறுப்பினர் கல்லூரிக்கு மாற்றுவதென்று சங்கம் முடிவு செய்திருந்தது.

ஜெனிட்டா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "மூடப்படுகிறதுன்னு எழுதிடவா சார்?" என்றாள்.

"அபசகுனமாக எழுதாதே அம்மா. விளக்கை அணை என்றா சொல்கிறோம்? குளிர வை என்றுதானே சொல்கிறோம். இணைப்பு என்று போடு. மேலே நற்செய்தி என்றும் போடு."

"எங்க சர்ச்சுல நற்செய்தின்னா வேற சார்."

"எல்லாம் ஒன்றுதான்."

அவள் எழுதினாள். 'மாணவியருக்கு நற்செய்தி! கருங்குழி – சிங்கப்பெருமாள் கோயில் இணைப்பு.' முதல் தடவையாக உதட்டில் ஓட்டிப் பார்க்காமல் எழுதினாள். நானும் பச்சை நிறத்தில் பளிச்சென்று அடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கருங்குழிப் பக்கத்துக் கூட்டு ரோட்டில் சரவெடி வெடிக்கிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். 'இணைப்புப் பேருந்து வேண்டும்' என்று அந்த ஊர்க்காரர்கள் எந்தக் காலத்திலோ கட்டிய பேனருக்கு மாலை போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ அண்ணா, பஸ் விடறாங்கன்னு நெனச்சிட்டாங்க. அந்த ஊர்ல இணைப்புன்னா பஸ்தான்."

"போன் போட்டுச் சொல்லிடு."

"போன்ல அனுப்பித்தானே இப்டி ஆச்சு."

என் வண்டியில் போனோம். கூட்டு ரோட்டில் இறங்கியதுமே ஒரு அம்மா ஓடி வந்து, காகிதத் தட்டில் சுடச்சுடக் கேசரியை அவள் கையில் வைத்தார். ரூத் என்று பெயர். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் மகள் கவியா அந்தக் கல்லூரியில் கடைசி வருஷத்துக்குப் போக வேண்டியவள்.

"துன்னும்மா! உங்க சங்கம் நல்லா இருக்கணும்."

ஜெனிட்டா தட்டைப் பிடித்தபடியே சொன்னாள். "பஸ் வரலக்கா. காலேஜ மூடறாங்க. புள்ளைங்க சிங்கப்பெருமாள் கோயில் போய்ப் படிக்கணும். அதத்தான் இணைப்புன்னு போட்டது."

வெடி வெடித்த காகிதம் காற்றில் உருண்டது.

"இத எழுதனது யாரு?" என்றார் ரூத்.

"நாந்தான்."

"படிச்ச பொண்ணுதானே நீ? மூடறோம்னு எழுதத் தெரியாதா உனக்கு?" அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "மூணு வண்டி மாறணும். இருட்டனப்புறம்தான் வூட்டாண்ட வரும். அவங்கப்பன் அனுப்ப மாட்டான். இத்தோட முடிஞ்சிச்சு என் பொண்ணு படிப்பு."

கவியா அம்மாவின் புடவை முனையைப் பிடித்து இழுத்தாள், "வாம்மா, போலாம்" என்று. கேசரித் தட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஜெனிட்டா அதைச் செங்கல்பட்டு வரை மடியில் வைத்தே கொண்டுவந்தாள். தின்னவும் இல்லை, போடவும் இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அந்த வாரமே மாமல்லபுரத்தில் சங்கத்தின் செயற்குழு. கடலைப் பார்த்த ஹோட்டல். நிருபர்கள் வெளியே வடையும் காபியுமாக நின்றார்கள். ஜெனிட்டாவைக் காணோம். தேடிப் போனால் மணலில் உட்கார்ந்திருக்கிறாள். அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போகிறது. தூரத்தில் கற்கோயில் வெயிலில் மிதப்பதுபோல் தெரிகிறது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

உள்ளே போய் வாசுதேவன் முன் இரண்டு தாள்களை வைத்தாள்.

"ரெண்டு எழுதியிருக்கேன் சார். வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. எதக் குடுக்கட்டும்?"

ஒன்றில், 'கருங்குழிக் கல்லூரி மூடப்படுகிறது' என்று இருந்தது. மற்றதில், 'கருங்குழி – சிங்கப்பெருமாள் கோயில் இணைப்புப் பேருந்து. மாணவியருக்குக் கட்டணம் இல்லை.'

"மிரட்டுகிறாயா அம்மா?"

"இல்ல சார். இணைப்பு நீங்க குடுத்த சொல்லு. அந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஒண்ணு, அந்த அர்த்தத்துக்கு நாம போயிடலாம். இல்ல, மூடறோம்னு வாய்விட்டுச் சொல்லிடலாம். வெடி வெடிச்சு எனக்குக் கேசரி குடுத்தாங்க சார். மூணாவதா ஒண்ணு என்னால எழுத முடியாது. வேற ஆளப் பாத்துக்கோங்க."

கனவு காணும் பெண் இப்படிப் பேசுவாள் என்று நானே நினைக்கவில்லை. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

வாசுதேவன் இரண்டு தாளையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கடலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "யார் கல்லூரியில் பஸ் சும்மா நிற்கிறது?" என்றார்.

ஆளாளுக்கு மேஜையைப் பார்த்தார்கள். கடைசியில், ஓரத்தில் இருந்த ராஜாராம் என்ற தாளாளர் கையைத் தூக்கினார். "ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடிக்க வேண்டும்."

வாசுதேவன் முதல் தாளைக் கிழித்தார். இரண்டாவது தாளின் தலையில், தன் கையாலேயே 'நற்செய்தி' என்று எழுதினார்.

கல்லூரி திறந்த அன்று ஜெனிட்டாவோடு கூட்டு ரோட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். பனி மாதிரி ஒரு புழுதி, வயலெல்லாம் இளம் வெயில். புதுப் பெயின்ட் வாசனையோடு பஸ் வந்தது. நெற்றியில் ஒரே சொல்: இணைப்பு. கடைசி ஆளாகக் கவியா ஏறினாள். படியில் நின்று ஒரு டிபன் டப்பாவை ஜெனிட்டாவிடம் நீட்டினாள்.

"அம்மா குடுத்துச்சு. எழுதனவங்களுக்காம்."

ஜெனிட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. "செங்கல்பட்டுல எறங்கிடறேண்ணா" என்று சொல்லிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

நான் ஆபீஸ் வந்து வெகுநேரம் கழித்துப் போன் வந்தது.

"அண்ணா, சிங்கப்பெருமாள் கோயில் வந்துட்டேன்."

"செங்கல்பட்டுல எறங்கலையா?"

"பொண்ணுங்க பேசிகினே வந்தாங்க. கேட்டுகினே வந்துட்டேன்."

அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. "டப்பாவுல இன்னா இருந்துச்சு?" என்றேன்.

"கேசரி."

"எனக்கு மிச்சம் வச்சியா?"

"இல்லண்ணா" என்றாள். "முழுசும் நானே தின்னுட்டேன்."