எல்லாவற்றுக்கும் ஓம் சொன்ன அப்பா

எங்கள் வீட்டில் பின்னேரமானால் ஒரு சொல்லுக்குத் தடை. அப்பா வலையைத் தோளில் போட்டதிலிருந்து படகு கண்ணுக்கு மறையும்வரை யாரும் ‘இல்லை’ என்று வாய் திறக்கக்கூடாது. சொன்னால் வலை வெறுமையாகத் திரும்புமாம். எங்கள் ஊரான சல்லியில் எல்லா வீடுகளிலும் இப்படியா என்று தெரியாது. எங்கள் வீட்டில் அது சட்டம். அரிசிப் பானை காலியென்றால் அம்மா “அரிசி வாங்கவேணும்” என்பார். எட்டு வயதுக்குள் நான் இரண்டு தடவை குட்டு வாங்கியிருந்தேன்.

அரசாங்க உதவிப் பணத்துக்குக் கணக்கெடுக்கும் மிஸ் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வந்து இறங்கினார். அம்மா அவருக்காகப் பல நாட்களாகக் காத்திருந்தார். அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா நிலாவெளியில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறவர். இரண்டு பேர் உழைத்தும் மாதக் கடைசி இழுபறிதான். அந்தப் பணம் வந்தால் அக்கா உயர்தர வகுப்புப் படிக்கத் தினமும் பஸ்ஸில் டவுனுக்குப் போகலாம் என்பது அம்மாவின் திட்டம்.

“கொஞ்சம் பொறுங்கோ மிஸ். இவர் போகட்டும், நான் சொல்லுறன்” என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

“குடும்பத் தலைவர்தான் சொல்லவேணும் அம்மா. கையெழுத்தும் வைக்கவேணும்” என்ற மிஸ், அப்பாவின் பக்கம் திரும்பினார். “படகு உங்கடதோ?”

அப்பா கடலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “ஓம்” என்று தலையாட்டினார்.

“மாரி மழைக்கையும் தொழில் இருக்கோ?”

“ஓம்.”

“உழைக்கிறது வீட்டுக்குக் காணுமோ?”

“கடவுளே எண்டு நல்லா இருக்கிறம் மிஸ்.”

மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா கை, தலை, கண் எல்லாவற்றையும் ஆட்டினார். எனக்கோ அடக்க முடியாத சிரிப்பு. எங்களுக்குச் சொந்தப் படகு இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அன்று வலை நிறையச் சூடை மீன் பட்டது. அதனால் அம்மாவால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை. முறையிடலாம் என்றார்கள். அம்மா அதற்கான படிவத்தை வாங்கிவந்து அலுமாரியில் வைத்தார்.

“கை கால் சுகமா இருக்கிறன். உழைக்கிறவன் போய் அங்க வரிசையில நிண்டா ஊர் என்ன கதைக்கும்? ஏலாதவைக்குக் குடுக்கட்டும்” என்றார் அப்பா. அம்மா போவதென்றால் ஒருநாள் சம்பளம் வெட்டு. நாளைக்கு, நாளைக்கு என்று கடைசித் தேதியும் போய்விட்டது. அப்பாவைப் போல ஒரு நல்ல மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவ்வளவு பிடிவாதக்காரரையும் பார்க்கவில்லை.

பரீட்சையில் நன்றாகச் செய்திருந்த அக்கா, டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் எனக்குச் சிவப்புச் செருப்பும் எல்லோருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் வாங்கிவந்தாள். அப்பா ஒரு கடி கடித்தார். “வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு” என்று மிச்சத்தை என் தட்டில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அந்த ரோல்ஸ் ருசியில், அக்கா எந்நாளும் கடைக்கே போகவேண்டும், ஒவ்வொரு சம்பளத்துக்கும் அப்பாவுக்கு வயிறு நோகவேண்டும் என்று நான் மாரியம்மனிடம் மனமுருகி வேண்டிக்கொண்டேன். அம்மன் இரண்டையும் குறைவைக்காமல் தந்தாள்.