பத்திரிகையில் என் பெயர்

ஒரு கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் அச்சாகி வந்ததும், எதற்காக அச்சடித்திருக்கிறார்கள் என்று படிக்காமலே படம் எடுத்து, திண்டுக்கல்லில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முட்டாள் நான்தான். வயது நாற்பத்தொன்பது. ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம். இங்கே குப்பையை எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்கிற தாளைக்கூட இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் கை வைப்பேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையை யார் படிக்கிறார்கள்? தேதியைப் பார்ப்போம், மண்டபத்தைப் பார்ப்போம், அப்புறம் கீழே நெருக்கியடித்து நிற்கும் பெயர்களில் நம்முடையது இருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் பத்து வருஷத்துக்கு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது.

பத்திரிகை இத்தாலியிலிருந்து லூக்கா அனுப்பியது. வேடசந்தூர் பக்கம் நான் வேலை பார்த்த நூல் மில்லுக்கு வந்த இத்தாலி மெஷினைப் பூட்டிக்கொடுக்க வந்தவன். ஆறு மாதம் இருந்தான். எங்களோடு மில் பஸ்ஸில் நசுங்கி வந்தான். எல்லாரையும் ‘அப்பு’ என்று கூப்பிடப் பழகினான். ‘செத்த நேரம்’ என்றால் எத்தனை நிமிஷம் என்று ஆள் ஆளாய்க் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டான். கடைசிவரை கணக்கு ஒத்துவரவில்லை. நான்காம் மாதம் மஞ்சள்காமாலை வந்து விழுந்தான். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உடன் இருப்பவர் என்ன உறவு என்று கேட்ட இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸம்மா என்னைப் பார்த்தார், கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கிடந்த ஆறடி வெள்ளைக்காரனைப் பார்த்தார். “அம்மா வேறயாக்கும்?” என்றார். பன்னிரண்டு நாள் அவனோடு அங்கேயே கிடந்தேன். பிறகு ஜெர்மனியில் எனக்கு வேலைக்குச் சொல்லிவிட்டவனும் அவன்தான். இந்தக் கண்டத்தில், கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்காமல் நான் போன் செய்யக்கூடிய ஒரே ஆள்.

போன குளிர்காலத்தில் அவனே கூப்பிட்டு, தன்னை இந்த நாற்பத்தைந்து வயதில் கட்டிக்கொள்ள ஒருத்தி சம்மதித்துவிட்டாள் என்றான். “நீ என் பக்கத்துல நிக்கணும். நீ இல்லாம நடக்காது” என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இதே வசனத்தை ஊரில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். தாம்பாளத்தில் பத்திரிகையோடு வருகிறவர்கள் எல்லாரும் ‘நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். பால்காரரிடமும் சொல்வார்கள், எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்தவரிடமும் சொல்வார்கள். பதில் எனக்கு மனப்பாடம். “அதுக்கென்ன, ஜமாய்ச்சுருவோம்” என்பதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வாரம் கழித்து பாஸ்போர்ட் நகல் கேட்டான். ரூம் போடப் போகிறான் போல என்று அனுப்பிவைத்தேன்.

பயணத் திட்டமும் நான் போட்டதுதான். மனைவி விஜயாவுக்கு வெனிஸ், மகள் யாழினிக்கு ரோம், எனக்குக் கல்யாணச் சாப்பாடு. சர்ச்சில் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தது. பந்தி ஏழு மணிக்கு. பந்தி நேரத்துக்குப் போய் மாப்பிள்ளையிடம் முகத்தைக் காட்டினால் நம் கணக்கில் அது முழுக் கல்யாணம். பகல் ஒரு மணிக்கு ரோமில் ரயில் ஏறினோம். பாரி என்கிற தெற்கத்தி ஊருக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து டாக்ஸியில் ஒரு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த நிலமும் தக்காளிக் காடும் ஓடின. ஒட்டன்சத்திரம் மாதிரியே இருக்கு என்று மூன்றாவது தரம் நான் சொன்னபோதுதான், அலுத்துப்போன யாழினி பத்திரிகையை எடுத்துப் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்தாள்.

“அப்பா, உங்க பேருக்கு மேல டெஸ்டிமோனேன்னு போட்டுருக்கு. சாட்சி. நீங்க சர்ச்சுல மாப்பிள்ளை பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடணும். மாப்பிள்ளைக்கு ரெண்டே பேரு. ஒண்ணு அவரு அக்கா. இன்னொண்ணு நீங்க.”

விஜயா பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். “அம்புட்டுப் பேருக்கும் அனுப்புனீங்களே, ஒருத்தராச்சும் எதுக்குன்னு கேக்கலையா?” என்றாள். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

மணி இரண்டரை. லூக்காவைக் கூப்பிட்டேன். ஹோட்டலில் இருக்கிறாயா என்றான். ரயிலில் இருக்கிறேன், ஆறு மணி ஆகும் என்றேன். பாதிரியாருக்கு அடுத்த கல்யாணம் ஐந்து மணிக்கு இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கடைசியாக, “செத்த நேரம் இருக்கச் சொல்றேன், அப்பு” என்றான். அதற்குள் மலை வந்தது, குகைக்குள் ரயில் போனது, இணைப்பு அறுந்தது.

மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் போகிற வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. இறங்கித் தள்ளவா முடியும்? டிக்கெட் பரிசோதகரைப் பிடித்து, மத்ரிமோனியோ, அதாவது கல்யாணம், நான்கு மணி, நான் இல்லாமல் நடக்காது என்று கைஜாடையில் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். பிறகு பக்கத்தில் இருந்த விஜயாவையும் யாழினியையும் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். மணவறையில் மாலை போட வேண்டியவன். வந்துருவேன், வந்துருவேன் என்று கடைசி வாரம்வரை போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓட்டம் பார்க்கிற வேலை, லீவு தரவில்லை என்று சொன்னேன். உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. கம்பெனியில் முகம் சுளிப்பார்களே என்று பயம். ஹீட்டருக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்து, வீடியோவில் பார்த்தேன். ஒன்றுவிட்ட தம்பி என் மாலையைப் போட்டான். தங்கச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு அவள் போனில் என்னிடம் இங்கே குளிர் எப்படி என்று மட்டும்தான் விசாரிக்கிறாள்.

சர்ச் வாசலில் டாக்ஸி நின்றபோது மணி ஆறு பத்து. படிக்கட்டெல்லாம் அரிசி. இவர்களும் தம்பதி மேல் அரிசி போடுகிறார்கள். மஞ்சள் தடவாத வெறும் வெள்ளை அரிசி. ஒரு பெரியவர் அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியோடு இறங்கி ஓடிவந்த என்னைப் பார்த்து, கதவைக் காட்டி, முடிந்தது என்று இரண்டு கையையும் விரித்தார்.

பாதிரியார் இருபது நிமிஷம் காத்திருந்தாராம். பிறகு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற மனிதரை இறக்கி என் இடத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பந்தியில் லூக்காவுக்கு வலது பக்கம் என் பெயர் எழுதிய அட்டை அப்படியே இருந்தது. அவன் என்னைக் கட்டிப்பிடித்தான், அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் அக்கா என் தட்டில் மீனை அள்ளி வைத்தாள். கல்யாணப் பெண் வந்து பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டாள். யாராவது திட்டியிருந்தால் நாலு வாய் சாப்பிட்டிருப்பேன்.

இப்போது என் போனில் இரண்டு கல்யாணப் படங்கள் இருக்கின்றன. ஒன்றில் திண்டுக்கல் பழனி ரோட்டு மண்டபத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி நிற்கிறான். இன்னொன்றில் இத்தாலிச் சர்ச்சில், பேர் தெரியாத ஓர் ஆர்கன்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கிறார். இரண்டு பேருமே என்னைவிட நன்றாகத்தான் நிற்கிறார்கள்.

மறுநாள் காலையில், கல்யாணம் முடிந்த கையோடு, எங்களை ஸ்டேஷனில் விட லூக்காவே கார் ஓட்டி வந்தான். பிளாட்பாரத்தில் நின்று, சிரித்துக்கொண்டே விளக்கப் பார்த்தேன். எங்கள் ஊரில் பத்திரிகையில் எல்லார் பெயரும் இருக்கும், நீங்கள் இல்லாமல் நடக்காது என்று எல்லாரிடமும் சொல்வோம், அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றேன். ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே முழுசாகக் கேட்டான்.

“தெரியும் அப்பு” என்றான். “நீங்க அதை நானூறு பேர்கிட்டச் சொல்லுவீங்க. நான் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்.”